புதர்விதை சேகரிப்பு: தொடங்குபவர்களுக்கு

தோண்டி முடித்துக் கைவிட்ட சுரங்கம், சாலைக்காக வெட்டிய மண்சரிவு, ஆடுமாடு மேய்ந்து மேய்ந்து மொட்டையாகிப்போன நிலம். இப்படி ஓர் இடத்தை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது மரக்கன்று. மரம் நடுவது படம் எடுக்கவும் தோதாக இருக்கும். ஆனால் மேல்மண் போய்விட்ட இடத்தில் முதலில் காலூன்றுவது பெரும்பாலும் புல்லும் புதரும்தான். ஒரு புதர் பிடித்துக்கொண்டால் அதன் அடியில் சருகு சேரும். காற்று அள்ளிவரும் மண் அங்கே தங்கும். கொஞ்சம் நிழல் விழும். பறவை வந்து உட்காரும். உட்கார்ந்த பறவை எச்சத்தோடு இன்னும் நாலு விதையைப் போட்டுவிட்டுப் போகும். மரம் அதற்கப்புறம் வந்தால் பிழைத்துக்கொள்ளும்.

காட்டுப்புதரின் விதை விலைக்குக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் எந்த இடத்துச் செடியின் விதை என்று விற்பவருக்கே பல சமயம் தெரியாது. ஆகவே நாமே போய்ப் பறிக்க வேண்டியிருக்கிறது. பையை எடுத்துக்கொண்டு போய் உருவிக்கொண்டு வருவதுதானே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். விதைத்த நிலம் பச்சையாகுமா ஆகாதா என்பதில் பாதி, பறித்த அன்றே முடிவாகிவிடுகிறது என்று புரியச் சில பருவங்கள் ஆயின.

விளக்கத்துக்கு விராலியை எடுத்துக்கொள்கிறேன். வெப்ப நாடுகளில் ஏறக்குறைய எல்லாக் கண்டங்களிலும் தானாக வளரும் புதர் அது. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எங்கும் உண்டு. ஹவாயில் எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறைவெளியில் முதலில் வந்து குடியேறும் செடிகளில் இதுவும் ஒன்று. இலையில் பிசின் தடவியதுபோல் ஒரு பளபளப்பு, காயில் காகிதம்போல மெல்லிய சிறகுகள். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

எந்த இடத்துச் செடி, எத்தனை செடி

நாட்டுச்செடி என்றால், மனிதர் கொண்டுவந்து நடாமல் அந்த வட்டாரத்தில் தானாகவே வாழ்ந்துவரும் இனம். ஆனால் இனம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. கடலோர மணலில் தலைமுறை தலைமுறையாக நிற்கும் விராலியும் மலைச்சரிவின் குளிரில் வளர்ந்த விராலியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். வறட்சியைத் தாங்குவதிலும் பூக்கும் காலத்திலும் வேறுபட வாய்ப்பு அதிகம். அதனால்தான் மீட்க வேண்டிய நிலத்தின் மண், மழை, உயரம் இவற்றோடு ஒத்துப்போகும் இடத்தில் விதை எடுக்கச் சொல்கிறார்கள். இந்த நெருக்கத்தைத் தூரத்தால் மட்டும் அளக்க வேண்டாம். 5 கிலோமீட்டரில் இருக்கும் ஈரப் பள்ளத்தாக்கைவிட 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அதே மாதிரிக் கல்மேடு உங்கள் கல்மேட்டுக்கு நெருங்கிய சொந்தம். பருவநிலை மாறிக்கொண்டிருப்பதால் இன்னும் சற்று வெப்பமான, வறண்ட இடத்து விதையையும் ஒரு பங்கு கலக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. பெரும்பங்கு ஒத்த இடத்திலிருந்து வரும் வரை எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

அடுத்தது, புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை கிலோ சேர்க்கணும்?’ எத்தனை செடியிலிருந்து என்று யாரும் கேட்பதில்லை.

போன இடத்தில் ஒரு செடி மட்டும் கிளை தெரியாமல் காய்த்துத் தொங்கும். கை தானாக அங்கே போகும். அதிலேயே சாக்கு நிறைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கிளம்பத் தோன்றும். ஆனால் அந்தச் சாக்கில் இருப்பதெல்லாம் ஒரு தாய் பிள்ளைகள். அதை விதைத்தால் முதல் தலைமுறை நன்றாகவே முளைக்கும், அதனால் தப்பு கண்ணுக்குத் தெரியாது. அவை வளர்ந்து ஒன்றோடொன்று மகரந்தம் மாற்றிக்கொள்ளும்போதுதான் வினை வரும். நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்தால் அடுத்த தலைமுறையில் விதை குறையும், கன்று வலுவிழக்கும். ஒரு நோயோ கடும் வறட்சியோ வந்தால் எல்லாம் ஒரே மாதிரி படுக்கும்.

அமெரிக்காவின் நில மேலாண்மைத் துறை 2001-ல் தொடங்கிய நாட்டுவிதைச் சேகரிப்புத் திட்டத்தின் வழிமுறை இதற்கு நல்ல அளவுகோல். ஓர் இடத்தில் குறைந்தது 50 செடிகளிலிருந்து எடுக்க வேண்டும். அன்றைக்குப் பக்குவமாக இருக்கும் விதையில் 20 சதவீதத்துக்கு மேல் தொடக்கூடாது. முதல் விதி உங்கள் நிலத்துக்காக. இரண்டாவது, விதை கொடுக்கும் காட்டுக்காக. எறும்பும் பறவையும் சாப்பிட்டது போக அந்த இடத்துக்கும் அடுத்த தலைமுறை வேண்டும். காய்ப்பு மோசமான ஆண்டில் நான் 20 சதவீதம்கூட எடுப்பதில்லை, திரும்பிவிடுவேன்.

50 செடி என்றால் அடுத்தடுத்து நிற்கும் 50 அல்ல. பக்கத்துப் பக்கத்துச் செடிகள் பெரும்பாலும் ஒரே தாயின் அடியில் விழுந்து முளைத்தவை. பத்து இருபது அடி விட்டு விட்டு நடங்கள். ஓரத்தில் நிற்பது, நடுவில் நிற்பது, குள்ளமானது, காய்ப்பு சுமாரானது என எல்லாவற்றிலும் ஒரு கை எடுங்கள். அழகான செடியை மட்டும் தேர்ந்தெடுப்பது பயிர் விவசாயத்துப் பழக்கம். இங்கே அது உதவாது. விராலியில் இன்னொரு விஷயம்: பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. 50 புதர் நிற்பதாகத் தூரத்தில் இருந்து எண்ணிவிட்டுப் போனால், காய் இருப்பது பாதியில்தான் என்று கிட்டப் போனதும் தெரியும்.

நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்குவது, காப்புக்காடு என்றால் எழுத்தில் வாங்குவது, அழிவின் விளிம்பில் இருக்கும் இனத்தைத் தொடாமல் இருப்பது பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

பதம் பார்ப்பது

காட்டுச்செடி பயிர்போல ஒரே நாளில் முற்றாது. ஒரே கிளையில் பூவும் பிஞ்சும் நெற்றும் சேர்ந்து இருக்கும். சீக்கிரம் போனால் விதை முற்றியிருக்காது. தாமதமாகப் போனால் தரையில் கிடக்கும், அல்லது காற்றோடு போயிருக்கும். நடுவில் கிடைக்கும் இடைவெளி சில செடிகளுக்கு மூன்று வாரம், சிலவற்றுக்கு மூன்று நாள். பயறு குடும்பத்துப் புதர்களில் ஒரு வெயில் மதியத்திலேயே நெற்று படபடவென வெடித்து விதையை எட்டி வீசிவிடும். அதனால் பூக்கும்போதே இடத்தைக் குறித்துவைத்து, காய் பிடித்தபின் வாரத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

விராலிக் காய் முதலில் பச்சை. அப்புறம் செடிக்குச் செடி வெளிர்சிவப்போ மஞ்சளோ ஏறும். அந்தச் சிவப்பு கண்ணைப் பறிக்கும். அப்போதே பறித்துவிடத் தோன்றும். பொறுங்கள். சிறகு வைக்கோல் நிறத்துக்கு மாறி, விரலால் தேய்த்தால் சரசரவென ஒலிக்க வேண்டும். காயை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் கடுகு அளவில், சற்றே தட்டையாக, கருப்பு விதை விழும். பழுப்பாகவோ வெளுப்பாகவோ இருந்தால் முற்றவில்லை.

அதோடு விட்டுவிடாமல் வெட்டிப் பாருங்கள். இந்தத் தொழிலில் மிகச் சிக்கனமான கருவி நகவெட்டிதான். நாலைந்து செடிகளிலிருந்து இருபது விதை எடுத்து ஒவ்வொன்றாகக் குறுக்கே வெட்டுங்கள். நல்ல விராலி விதைக்குள் நூலைச் சுருட்டி வைத்ததுபோல் கரு சுருண்டு, உறையை நிறைத்துக்கொண்டு இருக்கும். உள்ளே காற்று மட்டும் இருந்தால் பதர். தூள் இருந்தால் புழு தின்றது. வழவழவென்று பால்போல் ஒழுகினால் இன்னும் பத்து நாள் கழித்து வாருங்கள். இருபதில் பத்துக்கு மேல் சரியில்லை என்றால் அந்த இடத்தில் அந்த ஆண்டு நேரத்தைச் செலவழிப்பதில் பொருளில்லை. ஆஸ்திரேலியாவின் உப்புப்புதர்களில் இந்தச் சோதனை இல்லாமல் பறிக்கவே கூடாது. வெளியே காய் கொத்துக்கொத்தாக இருக்கும், பிரித்துப் பார்த்தால் பலவற்றுக்குள் விதையே இருக்காது.

பறித்ததும் நடக்கும் கொலை

பறிக்கும் முறை செடியைப் பொறுத்தது. விராலிக்கு, கிளையை ஒரு கையால் வளைத்துப் பிடித்து மறுகையால் கொத்தை உருவினால் போதும். பிசின் ஒட்டும் என்பதால் கையுறை நல்லது. உதிரும் பதத்தில் இருந்தால் அடியில் தார்ப்பாய் விரித்துத் தடியால் மெல்லத் தட்டலாம். வெடிக்கும் நெற்றுக்கு, முற்றும் முன்பே மெல்லிய வலைத்துணிப் பையைக் கிளையில் கட்டிவிட்டு வர வேண்டும். தரையில் கிடப்பதைப் பெருக்கி எடுக்காதீர்கள். எந்த ஆண்டினது என்று தெரியாது, களைவிதையும் சேர்ந்து வரும். களை மண்டிக் கிடக்கும் இடத்தில் பறிப்பதையே தவிர்ப்பது உத்தமம். ஒரு பிடி களைவிதை போதும், மீட்கப் போன நிலத்தில் நீங்களே புது வியாதியைக் கொண்டுபோய்ச் சேர்க்க.

என் முதல் பெரிய அறுவடையை நான் பாலித்தீன் பையில் போட்டேன். மழை வருகிற மாதிரி இருந்தது, நனையக் கூடாதே என்ற அக்கறை. காய்கள் கைக்குக் காய்ந்ததுபோலத்தான் இருந்தன. மூன்று பைகளையும் வண்டிக்குள் வைத்துவிட்டு மறுநாள் மாலை பிரித்தேன். பைக்குள் கையை விட்டதும் சூடு. சுவரெல்லாம் நீர்த்துளி. ஊறிப்போன வைக்கோல்போர் வாடை. நடுப்பகுதியில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. பறித்தபின்னும் விதை மூச்சு விடுகிறது, கூடவே வந்த இலையும் காம்பும் மூச்சு விடுகின்றன. அந்த ஈரமும் வெப்பமும் வெளியேற வழியில்லாவிட்டால் அது தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும். காகிதப் பை, துணிப் பை, சாக்கு, இவை போதும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள்.

கையோடு சீட்டு எழுதிவிடுங்கள். இனம், தேதி, இடம், எத்தனை செடி, மண் எப்படி, பறித்தவர் யார். பைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, பென்சிலால். பேனா மை ஈரத்தில் கரையும். சீட்டு தொலைந்த விதை, எவ்வளவு நல்ல விதையாக இருந்தாலும், நிலமீட்புக்கு ஆகாது. எந்த மண்ணுக்கு உரியது என்பதே அதில்தான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் பெயர் தெரிந்தவரிடம் காட்டப் பூவும் இலையும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு இடையில் அழுத்தி வையுங்கள்.

காயவைத்தல், தூற்றுதல், வைத்திருத்தல்

வீட்டுக்கு வந்ததும் மெல்லிய அடுக்காகப் பரப்பி, நிழலில், காற்றோட்டத்தில் காயவிடுங்கள். தினம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். சதைக்கனியாக இருந்தால் கதையே வேறு. அதைக் காயவிடாமல் உடனே நீரில் பிசைந்து சதையை அலசி எடுத்து, அப்புறம் விதையை மட்டும் நிழலில் உலர்த்த வேண்டும்.

காய்ந்த விராலியைத் துணிப்பையில் போட்டுக் கையால் கசக்கினால் சிறகு நொறுங்கி விதை கழன்றுவிடும். பிறகு முறமும் சல்லடையும். பெரிய கண் சல்லடையில் காம்பு நிற்கும், சின்னக் கண்ணில் மண் இறங்கிவிடும், நடுவில் நிற்பதைப் புடைத்தால் சிறகும் பதரும் பறந்து கருப்பாக விதை மிஞ்சும். தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிபோல் சுத்தமாக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். எவ்வளவு குப்பை மிச்சம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

சேமிப்பில் இரண்டே எதிரி: ஈரம், வெப்பம். விதைக்காரர்கள் பின்பற்றும் ஒரு மனக்கணக்கு உண்டு. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும். அதாவது 13 சதவீத ஈரத்தில் 30 டிகிரியில் கிடக்கும் விதையை 10 சதவீதத்துக்கு உலர்த்தி 20 டிகிரியில் வைத்தால், ஈரத்தால் 8 மடங்கு, குளிர்ச்சியால் 4 மடங்கு, ஆக 32 மடங்கு. தோராயக் கணக்குதான், ஆனால் எங்கே காசு செலவழிப்பது என்று காட்டிக்கொடுக்கும். பெரிய விதை வங்கிகளில் 15 சதவீதக் காற்று ஈரப்பதத்தில் உலர்த்தி, பூச்சியத்துக்கு 20 டிகிரி கீழே வைக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். நன்றாக உலர்ந்ததா என்று பார்க்க, காய்ந்த கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் விதையும் உலர்ந்த தூளுப்பும் போட்டுக் குலுக்கி கால் மணி நேரம் வையுங்கள். சுவரில் உப்பு ஒட்டியிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒட்டாவிட்டால் மூடி இறுகிய டப்பாவில் அடைத்துக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கலாம்; இப்போது மட்டும்தான் காற்றுப்புகாத டப்பா நல்லது. வண்டு இருக்குமோ என்று பயமிருந்தால், உலர்ந்த விதையைச் சில நாள் உறைபெட்டியில் வைத்து எடுங்கள்.

எல்லா விதையும் இந்த விதிக்குக் கட்டுப்படாது. ஈரமான காடுகளில் வளரும் சில இனங்களின் விதை, உலர்த்தினாலே செத்துவிடும். பறித்த கையோடு விதைக்க வேண்டும். உலர்த்தத் தாங்கும் விதைகளிலும் ஆயுள் ஒன்றல்ல. மேற்கு அமெரிக்காவின் சேஜ்பிரஷ் புதர் விதை தூசுபோல அவ்வளவு சிறியது, சுத்தம் செய்த ஒரு கிலோவில் பல லட்சம் இருக்கும். சாதாரணக் கிடங்கில் இரண்டு மூன்று ஆண்டுகளில் பெருமளவு வீரியம் போய்விடும். அங்கே காட்டுத்தீ கோடையில் எரிக்கும், விதையோ குளிர்காலத் தொடக்கத்தில்தான் முற்றும். முந்தைய ஆண்டு விதையைக் குளிர்க்கிடங்கில் வைத்திருந்தால்தான் எரிந்த நிலத்துக்கு அவசரத்தில் கொடுக்க முடியும்.

தூங்கும் விதையை எழுப்புவது

விராலி விதையை அப்படியே ஈரமண்ணில் போட்டால் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்து வீசிவிடுவார்கள். உண்மையில் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை. கொதிக்கும் நீரில் சில நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை முக்கி எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் தோல் விரிந்து நீர் ஏறும். மறுநாள் விதை உப்பியிருப்பது கண்ணுக்கே தெரியும். முதலில் ஐம்பது விதையில் சோதித்துவிட்டு முழுவதற்கும் செய்யுங்கள். வெந்நீருக்குள் போட்டுவிட்டுத் தொலைபேசி பேசப் போனவர் கதியை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

உப்புப்புதருக்கு வெந்நீர் வேண்டாம், குளியல் வேண்டும். காயைச் சுற்றியுள்ள உறையில் உப்பு இருக்கிறது. அது இருக்கும் வரை முளைப்பு தடைபடும். நல்ல மழை பெய்து உப்பு கரைந்தால்தான் முளைக்கலாம் என்று பாலைவனச் செடி போட்டுக்கொண்ட கணக்கு அது. ஓடும் நீரில் அலசிவிட்டால் அந்த மழையை நாமே பெய்வித்த மாதிரி.

இன்னும் சில விதைகள் புகைக்குக் காத்திருக்கும். தென்னாப்பிரிக்காவில் அரிதாகிவிட்ட ஆடூயினியா என்ற புதரின் விதை புகை பட்டதும் முளைப்பதை 1990-ல் அறிவித்தார்கள். புகையில் இருக்கும் எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்று 2004-ல் பிரித்தெடுத்தார்கள். அந்தச் சேர்மக் குடும்பத்துக்குக் கரிக்கின் என்று பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் மக்கள் மொழியில் கரிக் என்றால் புகை. நம் கரியோடு உறவுபோலத் தோன்றும், தற்செயல்தான். இப்போது புகையை நீருக்குள் செலுத்தி, அந்தப் ‘புகைநீரில்’ விதையை ஊறவைக்கிறார்கள்.

விதைக்கும் முன் ஒரு கணக்கு

கையில் 10 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம்தான் விதை, மீதி சிறகும் காம்பும். ஈரத்துணியில் நூறு விதை வைத்துப் பார்த்ததில் 50 முளைத்தன. அப்படியானால் 10 கிலோவில் உயிருள்ள விதை 2 கிலோ. விதைப்பளவை இந்த 2 கிலோவை வைத்துத்தான் போட வேண்டும். யாரிடமாவது வாங்கினாலும் இந்த இரண்டு சதவீதங்களையும் கேளுங்கள், சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். அந்த 2 கிலோவிலும் வறண்ட நிலத்தில் செடியாகி நிற்பது பல சமயம் பத்தில் ஒன்றுக்கும் குறைவு; எறும்பு, வெயில், இறுகிய மேல்மண் எல்லாம் பங்கு கேட்கும். மண்ணை மேலாகக் கீறிவிட்டு, விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்காமல், மழைக்குச் சற்று முன் விதையுங்கள்.

வெந்நீரில் முக்கியதை எல்லாம் ஒரே மழைக்குக் கொட்டிவிடாமல், கால் பங்கை முக்காமல் அப்படியே கலந்து விதைப்பது என் வழக்கம். முதல் மழைக்கு முளைத்தது பின்னால் வந்த வறட்சியில் காய்ந்துபோன ஆண்டு உண்டு. அந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று மறுபடி உழச் சொன்னார்கள், நான் விடவில்லை. அடுத்த ஆண்டு மழை முடிந்து போய்ப் பார்த்தபோது, கீறிய கோட்டில் அங்கங்கே விரல் உயரத்துக்கு, இலை பளபளக்க விராலி நின்றிருந்தது.